பதினான்காவது கருவி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டில் இன்டர்நெட் இப்போது மிக நன்றாக ஓடுகிறது. நேற்று மாலை ஆறு மணிக்கு மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் நூறுக்கு மேல். தமுக்கு அடித்துச் சொல்ல ஆள் கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

விசாரணை அதிகாரி அவர்களே, இது என் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதை மூன்று வாரத்துக்கு முன் கொடுத்தேன். உங்கள் நிறுவனத்தின் ஊழியர் எங்கள் மாடியில் டிஷ் மாட்டியதில் கவனக்குறைவாக இருந்தார், அதனால்தான் நெட் மெதுவானது, அதனால்தான் என் அண்ணனின் இதயக் கருவி ஒன்பது நாள் ஊமையாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தேன். வாக்கியங்கள் நன்றாக அமைந்திருந்தன. விஷயம்தான் பொய்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடம். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியத்தை என் கை தூக்கத்திலும் எழுதும். குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, எங்களிடமிருந்து பதில் வந்துவிடும். முதல் கடிதத்துக்கு ஒரு பதில், முதல் நினைவூட்டலுக்கு ஒரு பதில், இரண்டாவதுக்கு ஒன்று. மூன்றாவது நினைவூட்டல், அதாவது நான்காவது தடவை ஒருவர் கேட்கும்போது, கோப்பு நகரும். உண்மையிலேயே தண்ணீர் வேண்டியவன் நான்கு தடவை கேட்பான் என்பது கணக்கு. நான் போட்ட கணக்கு இல்லை. ஆனால் அதில் நான் குறை கண்டதும் இல்லை.

எங்கள் தெருவுக்கு இன்னும் கம்பி வழி இணைப்பு வரவில்லை. ஆகவே மொட்டை மாடியில் டிஷ் வைத்து நேரடியாக ஆகாயத்தோடு சம்பந்தம் செய்துகொண்டோம். வீட்டில் நெட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை. ரவுட்டரின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டில் செங்கோல் என்பது அதுதான்.

ஒரு வருடத்துக்கு முன் என் அண்ணன் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், துறைமுகத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், இதயத்தில் ஒரு அறுவைச் சிகிச்சை ஆனவர். இந்த நான்கில் முதல் இரண்டைத்தான் அவர் தினமும் நினைவுபடுத்துவார். கப்பல்களைக் கரைக்கு வரவழைத்தவர் வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாற்காலியை நகர்த்தினால்கூட, "மெதுவா, மெதுவா, இடது பக்கம் விடு" என்பார்.

அவருடைய ஒரே மகள் வேறு நாட்டில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அந்தக் கருவியை வாங்கி அனுப்பினாள். சோப்புப் பெட்டி அளவில் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். மார்பில் ஒரு பட்டை. பட்டை சொல்வதைப் பெட்டி கேட்டு, எங்கள் நெட் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு. சேராவிட்டால் சிவப்பு. துடிப்பில் கோளாறு தெரிந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து உடனே கூப்பிடுவார்கள். ஒரு முறை அப்படிக் கூப்பிட்டு, மாத்திரையை மாற்றி, அவரைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள்.

அண்ணனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சொல்வார்: "என் இதயம் தினமும் ஆகாயத்துக்குப் போய்ட்டு வருதுடா தம்பி. உனக்கு ஆபீசுக்குப் போய்ட்டு வரவே மூச்சு வாங்குது." என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதான். தினமும் பரிமாறினார் என்பதுதான் குறை.

இப்போது நெட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் பத்துத் தேதி வரை பறக்கும். அதன் பிறகு தவழும். என் மனைவி பிள்ளைகளுக்கு நெட் வழியாகக் கணக்குப் பாடம் எடுப்பவள். வகுத்தல் சொல்லித் தரும்போது திரையில் வாய் திறந்தபடி உறைந்துவிடுவாள். பிள்ளைகள் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். "என்னங்க, இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க, இல்லைன்னா நான் கரும்பலகையோட வீடு வீடாப் போறேன்" என்றாள்.

உங்கள் ஊழியர் வந்தார். சொந்த ஏணியோடு வந்த, முன்தலை வழுக்கையான, அதிகம் பேசாத மனிதர். மாடி ஏறிப் பார்த்தார், இறங்கி வந்து என்னிடம் ஒன்று சொன்னார். சாக்குச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. சாக்கு விஷயத்தில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம். அவரை அனுப்பிவிட்டு, நானே களத்தில் இறங்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், எந்தெந்தக் கருவி நம் நெட்டைப் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முடக்கு' என்று ஒரு பொத்தான். என் முறை எளிமையானது. ஒன்றை முடக்க வேண்டும், யார் கத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும், கத்தியவரின் பெயரை எழுதிக்கொண்டு திறந்துவிட வேண்டும். கடைசியில் யாரும் கத்தாமல் எது மிஞ்சுகிறதோ அதுதான் திருடன். என்னுடைய கருவிகள் ஐந்தை விட்டுவிட்டேன். அவை என்னுடையவை, அவற்றை எனக்குத் தெரியும்.

முதல் பொத்தானை அழுத்தியதும் சமையலறையிலிருந்து, "என்னங்க, என் போன் செத்துப் போச்சு" என்று குரல் வந்தது. எழுதிக்கொண்டேன். அடுத்ததற்கு மாடியிலிருந்து, "யார்றா அது, செய்தி வாசிக்கிறவன் பாதி வார்த்தையில நிக்கிறான்." அண்ணனின் போன். இன்னொன்றுக்கு வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: "அய்யய்யோ, கோல் போடுற நேரத்துல."

பக்கத்து வீட்டுக்காரர். மனைவியைப் பார்த்தேன்.

"ஏணி குடுத்தாருங்க," என்றாள். "ஏணிக்குப் பாஸ்வேர்டு. வேற என்னத்தைக் குடுக்கிறது?"

இப்படியாக எல்லாம் தெளிந்து, பதினான்காவது கருவி மிஞ்சியது. பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான கோவை மட்டும். முடக்கினேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. புகார் வராத இடத்தில் குறை இல்லை என்பது எங்கள் அலுவலகத்தின் அஸ்திவாரம். அப்படியே விட்டேன். வேகத்தை அளந்தேன். பதினொன்றாக இருந்தது பதின்மூன்று ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசையில், திருடனைப் பிடித்துவிட்டேன், முன்னேற்றம் ஏறத்தாழ இருபது சதவீதம் என்று அறிவித்தேன்.

அண்ணன் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பரவாயில்லையே. உனக்குள்ளயும் ஒரு இன்ஜினீயர் ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கான்."

ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த பாராட்டு. வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அதுவே அதிசயம். அவர் எந்த அறைக்கும் துறைமுகத்துக்குள் நுழைகிற மாதிரிதான் நுழைவார்.

"தம்பி, என் மெஷின்ல சிவப்பு விளக்கு எரியுது. நெட் போகலைன்னு அர்த்தமாம். கொஞ்சம் பார்க்கிறியா?"

இந்த வாக்கியத்தை நீங்கள் சாதாரணமாக வாசித்திருப்பீர்கள். எனக்கு அது சாதாரணமில்லை. என் அண்ணன் என்னிடம் இதற்கு முன் எதையும் கேட்டதில்லை. 'அதை எடு', 'இங்கே கையெழுத்துப் போடு', 'நீ இதுல தலையிடாதே' என்பவை கேட்பதில் சேராது. அப்பா வீட்டை விற்றபோதுகூட விற்ற பிறகு தகவல்தான் வந்தது. அவர் வாயிலிருந்து எனக்கென்று ஒரு கேள்விக்குறி விழுந்தது அன்றுதான்.

பதினான்காவது கருவி எது என்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பொத்தானை மறுபடி அழுத்த மூன்று விநாடி போதும். "நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்குண்ணே. பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்திருக்கிறேன். முதல் காரணம், முந்தின நாள்தான் எல்லார் முன்னாலும் திருடனைப் பிடித்ததாகச் சொல்லியிருந்தேன். திருடன் அண்ணனின் இதயம் என்று தெரிந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த மேசையில் அதுதான் தொடுகறி. பத்து வருடம் என்று கணக்குப் போட்டேன், கவனியுங்கள். அவருக்குப் பத்து வருடம் இருக்கிறது என்று நான் நம்பியதற்கு இதுவே அத்தாட்சி.

இரண்டாவது காரணம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவர் மறுபடி ஒரு முறை கேட்கட்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை கேட்டார். "அந்த விளக்கு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. உனக்கு நேரம் இருந்தா." நேரம் இருந்தது. மாடிக்குப் போனேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், ஊதினேன், அணைத்துப் போட்டேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமைப் பொறியாளர் எனக்கு ஒயர் பிடித்தார். அரை மணி நேரம். பிறகு தன் கையாலேயே காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். "அவசரமில்லைடா, பொறுமையாப் பாரு. நீ பார்த்தா சரியாயிடும்" என்றார். என் வாழ்க்கையின் சந்தோஷமான அரை மணி நேரங்களில் அது ஒன்று. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. 'கருவியிலிருந்து தகவல் வரவில்லை, சரிபார்க்கவும்.' வீட்டுத் தொடர்பு எண் என்னுடையது. மூன்றுக்கும் பதில் அனுப்பினேன்: 'இணைய வேகம் குறைவு. சரிசெய்யும் பணி நடைபெற்று வருகிறது.' திருப்தியான பதில். அவர்களும் திருப்தி அடைந்தார்கள்.

திங்கட்கிழமை மூன்றாவது முறை கேட்டார். படியில் நின்றபடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு நாளா படி ஏறினா இரைக்குது. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வரலை, அதனால ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன். இருந்தாலும் அந்த விளக்கு..."

"பார்த்துக்கிட்டிருக்கேண்ணே."

போன் வராததால் ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்தார். புகார் வராத இடத்தில் குறை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கொள்கையில் வந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

அன்று மாலை அவர் மகளோடு பேசுவது கதவு வழியாகக் கேட்டது. மருத்துவரை நேரில் போய்ப் பாருங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். "எதுக்கும்மா, அதெல்லாம் என் தம்பி பார்த்துக்கிறான். உன் சித்தப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை, தெரியுமா? கில்லாடி." என்னை அவர் இன்னொருவரிடம் புகழ்ந்து நான் கேட்டது அதுவே முதலும் கடைசியும். நியாயமாக நான் அப்போதே கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டினால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும் என்று தட்டவில்லை.

ஆனால் ஒரு முடிவுக்கு வந்தேன். நான்காவது முறை கேட்டால் திறந்துவிடுவது. நான்கு நியாயமான எண்.

புதன்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன், அலுவலகம் பக்கம்தான். மூன்று மணிக்கு மனைவி காபி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "என்னங்க, கொஞ்சம் மேல வாங்க. மாமா கூப்பிட்டா பேச மாட்டேங்கிறார்."

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். அதில் செய்தி வாசிப்பவர் தடங்கல் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். கட்டில் பக்கம் சிவப்பு விளக்கு. மனைவி அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆம்புலன்சைக் கூப்பிடுங்க" என்றாள்.

உடனே போனை எடுத்தேன். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பதினான்காவது கருவிக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினேன். சிவப்பு பச்சையானதைப் பார்த்தேன். அதன் பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். இடையில் இரண்டு நிமிடம் ஆகியிருக்கலாம். அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று வந்த மருத்துவர் சொன்னதால், அந்த இரண்டு நிமிடத்துக்காக யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டி எதையும் மறக்காது என்பது எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் துடிப்பையும் சேர்த்து வைத்திருந்து, வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டது. நெட் மெதுவாக இருந்தும் நாற்பது விநாடியில். நான்கு மணிக்கு என் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ், பழைய பதிவிலிருந்து வரிசையாகப் பார்த்து வந்தவர். பதறிய குரல். "சார், ஞாயிற்றுக்கிழமையிலேருந்து துடிப்பு சரியில்லை. உடனே கூட்டிட்டு வாங்க, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க."

அண்ணன் எனக்கு முன்னால் போர்த்திப் படுத்திருந்தார். "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றேன். வாய்ப் பழக்கம்.

மூன்றாம் நாள் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரி கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, ஒன்பது நாளா ஏன் ஒண்ணுமே போகலை?"

"நெட் ஸ்லோம்மா."

நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? எங்கள் நெட் மெதுவானது என்று மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வரை தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவு முயற்சி பண்ணீங்கன்னு அப்பா சொன்னார். அவர் பக்கத்துல நீங்க இருந்தீங்களே சித்தப்பா, அது போதும்" என்றாள். உங்கள் நிறுவனத்தின் மேல் புகார் எழுதினாள். அதில் இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். பிறகு ஊருக்குப் போய்விட்டாள். வாரம் ஒரு முறை கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

புகாரின் பேரில் உங்கள் ஊழியரை, அந்த ஏணிக்காரரை, நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தீர்கள். போன மாதக் கடைசியில் அவர் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. "மேல ஏறி ஒரு தடவை பார்க்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"டிஷ் நான் வெச்ச மாதிரியே நேராத்தான் இருக்கு. அன்னைக்கே சொன்னேனே சார். டிஷ்ஷைப் பார்த்த மாதிரி நீங்க ஒரு கேமரா மாட்டியிருக்கீங்க. அது பகல் ராத்திரி படம் எடுத்து அந்த டிஷ் வழியாவே மேல அனுப்பிக்கிட்டிருக்கு. மாசத்துக்கு உண்டான கோட்டாவைப் பத்துத் தேதிக்குள்ள அதுவே தின்னுடுது. அப்புறம் வேகத்தைக் குறைச்சுடுவாங்க. அந்தக் கேமரா எதுக்கு சார்?"

"டிஷ் மேல பறவை உட்காருதான்னு பார்க்க."

"உட்கார்ந்துதா சார்?"

"இதுவரைக்கும் இல்லை."

அவரே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று இருபதாம் தேதி. நெட் நூறுக்கு மேல் ஓடுகிறது. என் மனைவி திரையில் உறைவதில்லை. என் அண்ணனின் கருவி நாள் முழுவதும் எடுத்துக்கொண்டது ஒரு புகைப்படத்தின் அளவுதானாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சோதனைக்காகத் திங்கட்கிழமை ரவுட்டரை ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் இந்த வாக்குமூலத்துக்கும் சம்பந்தமில்லை. எந்தக் கருவி எந்த நேரம் முடக்கப்பட்டது, எப்போது திறக்கப்பட்டது என்பதை ரவுட்டர் அறுபது நாள் நினைவில் வைத்திருக்கும் என்ற விவரம், இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துல்லியமாகச் சொன்னால், உட்காருவதற்கு முந்தின நாள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. பதினான்காவது கருவி எது என்று முதல் புதன்கிழமை அண்ணன் வந்து நின்றபோதுதான் விளங்கியது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் கோவையின் முதல் ஆறு இலக்கத்தைப் போட்டுத் தேடினால் கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயர் வரும். செவ்வாய்க்கிழமையே, காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில், தேடினேன். வந்தது. இதயக் கருவிகள் மட்டும் செய்கிறவர்கள். அவர் எப்படிக் கத்துகிறார் பார்க்கலாம் என்று இருந்தேன். அவர் கத்தவில்லை. கேட்டார்.

ஏணிக்காரரை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மேல் தவறில்லை. என் மேல் இருக்கிற தவறையும் அளவோடு பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணன் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நான்காவது முறை கேட்டால் திறப்பது என்று முடிவே செய்திருந்தேன். என் மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை அவர் வாய் திறந்து கேட்டிருந்தால் இன்று உயிரோடு இருப்பார்.

அவர் போன அந்தப் புதன்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நான்காவது முறையும் கேட்டார்.